ஒரு புடவை நீளம்

என் செல்லப் போக்கிரி சரவணனுக்கு,

சனிக்கிழமை விக்னேஷை அடித்துவிட்டேன். கன்னத்தில், தோளில், நெஞ்சில், கை போன இடமெல்லாம். என் வீட்டுக்காரர், உன் மாமா, ஓடி வந்து இடுப்பைப் பிடித்து இழுக்கும்வரை அடித்தேன். வலது மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. இடது கையால் தட்டித் தட்டி எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரிக்காதே.

நான் கை நீட்டுகிறவள் என்பது உனக்குத் தெரியாததா? கோபியில் இருந்தபோது உன்னை அடிக்காத நாள் உண்டா? ஸ்கேல், விளக்குமாறு, உன்னுடைய கிரிக்கெட் மட்டை, எது கிடைத்தாலும் சரி. ஆனால் எதிர்வீட்டுக் கணேசன் உன்னைக் கீழே தள்ளினான் என்று அவன் காதைக் கடித்து வைத்தேனே. அம்மா அவன் வீட்டு வாசலில் போய் மன்னிப்புக் கேட்டாள். நான் கேட்கவில்லை. "என் தம்பிய நான் அடிப்பேன். அவன் யாரு அடிக்கறதுக்கு?" என்றுதான் கத்தினேன். இன்றைக்கும் எனக்கு அதற்கு மேல் ஒரு நியாயம் தெரியாது.

இதைத் தமிழ்ச் சங்க மலரில் போடப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

கனடாவில் ரெஜைனாவுக்குப் படிக்கப் போனவன், பட்டத்தோடு ஒரு பைத்தியத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு இங்கே அமெரிக்காவில் ரிச்சர்ட்சனுக்கு வேலைக்கு வந்தாய். கனடா ஃபுட்பால் பைத்தியம். நம்மூர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு இடித்துத் தள்ளி ஓடுவது. நான் இருக்கும் இந்த ஆலன் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடும் அமெரிக்க ஃபுட்பாலுக்கே ஊர் திரண்டு போகும். அப்படிப்பட்ட ஊரில் நீ ரெஜைனா அணியின் பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு, தர்பூசணியைக் குடைந்து ஹெல்மெட்டாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் என் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்தாய். அங்கே ரசிகர்கள் அப்படித்தான் செய்வார்களாம். "கனடால ஐஸ் ஹாக்கிதானடா வெளையாடுவாங்க?" என்று உன் மாமா கேட்டுவிட்டார். அன்றைக்கு அவர் போட்ட காபியைக்கூட நீ தொடவில்லை.

எனக்கு அந்த ஆட்டம் ஏன் பிடித்துப்போனது தெரியுமா? அடிக்காகத்தான். வாரம் முழுக்க ஆபீஸில் "ஷ்யூர், நோ ப்ராப்ளம்" என்று பல்லைக் காட்டிவிட்டு வருகிறவளுக்கு, ஒருத்தன் இன்னொருத்தனைத் தூக்கித் தரையில் அறைவதைப் பார்ப்பது எவ்வளவு நிம்மதி! "அப்படித்தான், போடு அவனை!" என்று குதிப்பேன். "அக்கா, நீ ரொம்ப டேஞ்சர்" என்பாய்.

மூன்றே முயற்சியில் பத்து கஜம் முன்னேற வேண்டும், இங்கே மாதிரி நாலு கிடையாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாய். அதில் ஒரு விதி மட்டும் எனக்குப் புரியவே இல்லை. உதைத்த பந்து வானத்திலிருந்து இறங்கும்போது, பிடிக்கிறவன் தனியாக அண்ணாந்து நிற்பான். எதிரே ஓடி வருகிறவர்கள் அவன் கண்ணில் படமாட்டார்கள். அமெரிக்காவில் அவன் ஒரு கையை உயர்த்திக் காட்டினால் யாரும் தொடக்கூடாது. காட்டாவிட்டால் பந்து கைக்கு வந்த நொடியே இடித்துத் தள்ளலாம். கனடாவில் கை தூக்குகிற வழக்கமே இல்லை. பந்து அவன் கைக்கு வரும்வரை எதிரணி ஐந்து கஜம் தள்ளி நின்றே ஆகவேண்டும்.

"அஞ்சு கஜம்னா எவ்வளவுடா?"

"கிட்டத்தட்ட உன் புடவை நீளம்க்கா. ஒரு புடவைய விரிச்சுப் போட்டா எவ்வளவு எடம் அடைக்கும், அவ்வளவு. இங்க கை தூக்கிக் கெஞ்சணும். எங்க ஊர்ல கெஞ்சாமலே குடுப்பாங்க."

எங்க ஊராம்! கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்தவனுக்கு ரெஜைனா எங்க ஊர்.

போன வருஷம் நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக் காலையில், நம்மவர்களோடு சேர்ந்து பூங்காவில் ஃபுட்பால் ஆடினாய். "தொட்டாப் போதும், யாரும் இடிக்கக் கூடாது" என்றுதான் ஆரம்பம். பாதி ஆட்டத்தில் வாய் தடித்தது, அப்புறம் தோளும் தோளும் மோதின. எதிரணியில் உன் ஆபீஸ் சிநேகிதன் விக்னேஷ். இங்கேயே பிறந்து, பள்ளியில் ஃபுட்பால் ஆடி வளர்ந்தவன். பந்து மேலே போனது. நீ அண்ணாந்து நின்றாய். கை தூக்கவில்லை. அவனும் நிற்கவில்லை.

நான் ஓரத்தில் காபி ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தேன். கேட்டது, டிவியில் கேட்டுக் குதித்தேனே, அதே சத்தம். அப்புறம் உன் பின்மண்டை தரையில் மோதிய சத்தம். ஆஸ்பத்திரியில் நீ கண்ணைத் திறக்கவே இல்லை. போலீஸ் விபத்து என்றது. எல்லாரும் விபத்து என்றார்கள். அம்மா மட்டும் போனில், "பந்து வெளையாண்டாச் சாவாங்களா கண்ணு?" என்று கேட்டாள்.

விக்னேஷ் பார்க்கிறவர்களிடமெல்லாம் "அவரு கை தூக்கல, அவரு கை தூக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டபோதெல்லாம் கிரைண்டர் கல்லைத் தூக்கி அவன் வாயில் போடவேண்டும் என்றிருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. அவன் தெரு வழியாக டிரைவ் பண்ணும்போது ஆக்ஸிலரேட்டரில் என் கால் தானாக அழுந்தும். அப்புறம் அந்தத் தெருவையே விட்டுவிட்டேன்.

இந்த சீசன் முழுக்கத் தனியாகத்தான் பார்த்தேன். உன் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு. "எதுக்கு இதப் பாக்கற? உன்னை நீயே அடிச்சுக்கறியா?" என்றார் உன் மாமா. ஆமாம் என்றேன்.

ஆயுத பூஜை முடிந்த சனிக்கிழமை. ஆட்டம் தொடங்கப் போகிறதே என்று தர்பூசணியைக் குடைந்துகொண்டிருந்தேன். காலிங் பெல் அடித்தது. கத்தியோடுதான் போய்த் திறந்தேன். விக்னேஷ் நின்றான். கத்தியைப் பார்த்தான். ஆனால் நகரவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஏன் அவரு கை தூக்கல? என்னை சேலஞ்ச் பண்ணாரா? ஒன் இயரா அதேதான் தலைக்குள்ள ஓடுது. ஐ நீட் டு நோ, அக்கா."

"உள்ள வா. உக்காரு. டிவியப் பாரு."

அவனைக் கொல்லத்தான் உள்ளே கூப்பிட்டேன். கத்தியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டேன், அது எனக்குத் தேவைப்படவில்லை. அந்த விதியை அவன் கண்ணாலேயே பார்த்தால் போதும்.

கொஞ்ச நேரத்தில் எதிரணி பந்தை உதைத்தது. நம் பச்சைச் சட்டைக்காரன் ஒருத்தன் அண்ணாந்து நின்றான், இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் ஏந்திக்கொண்டு, உன்னை மாதிரியே. காளை மாதிரி பாய்ந்து வந்தவர்கள் அவனுக்கு முன்னால் சட்டென்று பிரேக் போட்டு நின்றார்கள்.

"ஏன் நிக்கறாங்க? அவன் சிக்னலே குடுக்கலையே?"

"அங்க குடுக்க வேண்டாம். அஞ்சு கஜம் விட்டு நிக்கணும். அதுதான் ரூல். சரவணன் அங்கதான் வெளையாடக் கத்துக்கிட்டான்."

விக்னேஷ் டிவியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு மிக மெதுவாகக் கேட்டான்: "அப்போ... நான் நிப்பேன்னு நெனச்சாரா?"

உனக்கு அமெரிக்க விதி தெரியாமல் இல்லை. என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் பந்து வானத்தில் இருக்கும்போது யாருக்கு மூளை வேலை செய்கிறது? உன் கால் ரெஜைனாவில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஒரு வருஷமாக எனக்குத் தெரிந்த இந்த விஷயம், அவன் வாயிலிருந்து வந்தபோது தாங்கவில்லை. எழுந்து அடித்தேன். "நம்பினான்டா! நீ நிப்பேன்னு நம்பினான்டா!" என்று கத்திக் கத்தி அடித்தேன்.

அவன் கை தூக்கவில்லை, சரவணா. முகத்தை மறைக்கக்கூடத் தூக்கவில்லை.

உன் மாமா என்னை இழுத்துப் பிடித்ததும் அவன் வெளியே போனான். எனக்கு அடங்கவில்லை. பாதி குடைந்த தர்பூசணியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி, திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி ஓங்கி அவன் காலடியில் உடைத்தேன். டிரைவ்வே முழுக்கச் சிவப்பாகத் தெறித்தது. நாயைக் கூட்டிக்கொண்டு போன பக்கத்து வீட்டு அம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவன் காரில் ஏறுவான் என்று பார்த்தேன். குனிந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். "யாராவது ஸ்லிப் ஆயிடுவாங்க, அக்கா. தலைல அடிபட்டுடும்" என்றான். அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

மறுபடி அடிக்கத்தான் ஓடினேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை, நான் வருவதும் அவனுக்குத் தெரியாது. குனிந்த தலை எனக்கு நேரே இருந்தது. எங்களுக்கு நடுவில் ஒரு புடவை நீளம்தான் இருக்கும்.

நான் நின்றேன்டா.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மன்னிக்கவில்லை, மன்னிப்பேனா என்றும் தெரியாது. அன்றைய ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்றுகூட இன்னும் பார்க்கவில்லை. அடுத்த மாதம் உன் முதல் திதி. போகும்போது விக்னேஷ் வருகிறேன் என்றான், வா என்றேன். வந்தால் ஒரு புடவை நீளம் தள்ளித்தான் நிற்பேன், அவன் கை தூக்கவேண்டும் என்று காத்திருக்க மாட்டேன், அந்த இடத்துக்குள் என் கையும் போகாது. உன் ஊர்ச் சட்டத்தின் மேல் சத்தியம்.

உன்னை அடிக்க உரிமை இருந்த ஒரே ஆள்,
உன் அக்கா