தேர்வறை வாசலில் தடுத்தவளுக்கு

அடியே,

இன்று காலை பெருங்களத்தூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து நெற்றி முழுக்கத் தேய்த்துக்கொண்டாள். அவ்வளவுதான், வண்டி முழுக்க உன் வாசனை. கண் எரிந்தது தைலத்தாலா வேறெதனாலா என்று ஆராய நேரமில்லை. தாம்பரத்தில் இறங்க வேண்டியவள் சானடோரியம் வரைக்கும் போய்விட்டேன். திரும்பி நடந்து வந்ததில் அலுவலகத்துக்கு இருபது நிமிஷம் தாமதம்.

தேர்வு முடிவு வரும் நாளிலெல்லாம் நீ இப்படித்தான் தைலத்தைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். "பரீட்சை எழுதினது பசங்க. தலைவலி உனக்கா?" என்று கேட்பேன். "எழுதினவங்களுக்கு ஆளுக்கு ஒரு தலைவலிதான். எனக்கு எல்லாத்தையும் சேர்த்து" என்பாய். சொல்லிக்கொண்டே பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பாய்.

கல்லூரி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் நம் இருவர் மேசையும் ஒட்டியே கிடந்தன. உனக்கு உதவித்தொகைப் பிரிவு, எனக்குத் தேர்வுப் பிரிவு. அறக்கட்டளைப் பணத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு இரண்டே நிபந்தனைதான். வருகைப் பதிவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எழுதுகிற தாளை முதல் தடவையிலேயே பாஸ் பண்ண வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பணம் நின்றுவிடும், பிறகு கிடைக்காது. உனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ரொம்ப நிம்மதியாக வேலை பார்த்தார். பருவம் முடிந்ததும் தகுதி இழந்தவர் பட்டியலை அடித்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

நீ வந்தாய், போனைக் கையில் எடுத்தாய். வருகைப் பதிவு எண்பதுக்கு இறங்கினாலே வீட்டுக்கு அழைப்பாய். எழுபத்தைந்துதானே கணக்கு, இன்னும் இடம் இருக்கிறதே என்று நான் கேட்டபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எழுபத்தஞ்சுல போன் பண்ணா அது துக்கம் விசாரிக்கிறதுடீ. எண்பதுல பண்ணாத்தான் அது வேலை."

அந்த அழைப்புகளைக் கேட்பதே ஒரு கூத்து. காலனி வீட்டு அம்மாக்களிடம், "மேம், அட்டெண்டன்ஸ் கொஞ்சம் லோவா இருக்கு, ப்ளீஸ் பாத்துக்கோங்க" என்று குழைவாய். அதே மூச்சில் அடுத்த எண்ணைப் போட்டு, "யம்மா, காலேஜ்லேர்ந்து பேசறேன். பையன் வூட்லயா கீறான்? இன்னிக்கும் வரலியே, இன்னா சமாச்சாரம்?" என்பாய். உன் அத்தாவுக்குக் குரோம்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்கு வருகிறவர் பாஷையிலேயே பேசி வளர்ந்தவள் நீ. படப்பைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் முதல் மணி நேர வருகையே அடிவாங்குகிறது, காரணம் பஸ்தான் என்று முதலில் கண்டுபிடித்தவளும் நீதான். துறைத்தலைவர் ஒவ்வொருவரிடமாகப் போய் நின்று அதற்கு ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் வந்தாய்.

நான் அப்படியில்லை. மணி நாலானால் ஜன்னலை மூடுகிறவள். மூடிய பிறகு யார் தட்டினாலும் திறக்காதவள். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், இங்கே எழுதுவதாக இல்லை. அதனால்தான் கௌசல்யா விஷயத்தை எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கௌசல்யா அப்போது இரண்டாம் வருஷம். படப்பையில் வீடு, அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். பருவத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முந்தின நாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலை கணிதத் தாள். அப்பா பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிட்டார். மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே, முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. அவளுடைய பேராசிரியர், "எப்படியாவது உக்காந்து எழுதிடும்மா" என்று தட்டிக்கொடுத்தார். நானும் அந்தப் பக்கம் போனவள், "ஹால் டிக்கெட் இருக்கில்ல? போ போ, மணியாகுது" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

நீ அலுவலகத்திலிருந்து ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"உள்ள போகாதேம்மா."

அவள் அப்பாவுக்கு வந்ததே கோபம்! "இன்னாம்மா சொல்றே? ஆஸ்பத்திரி பெட்லயே படிச்சிக்கினு கெடந்துச்சு புள்ள. எழுதணும்னு வந்துகீது. நீ போவாதன்றியே?"

"அண்ணா, மூணு மணி நேரம் இவளால உக்கார முடியாது. உள்ள போய் கையெழுத்து போட்டா அது எழுதின கணக்கு. தோத்துட்டா பணம் நின்னுடும். சும்மா வராம இருந்தாலும் தோத்த கணக்குதான். பரீட்சை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, உடம்பு சரியில்ல, விலகிக்கறேன்னு டாக்டர் சர்ட்டிபிகேட்டோட எழுதிக் குடுத்தா மட்டும் கணக்குலயே வராது. அடுத்த பருவத்துல எழுதலாம், அதுதான் இவளுக்கு முதல் தடவை. மூணு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் இப்படி விடுவாங்க. அது இன்னிக்குத்தான்."

"பயந்துகினு ஓடிட்டான்னு நாலு பேரு பேச மாட்டாங்க?"

"பேசினா என் டேபிளுக்கு அனுப்புங்க."

விண்ணப்பத்தோடு நீ என் முன்னால் வந்து நின்றபோது மணி அடிக்கப் பதினைந்து நிமிஷம் இருந்தது. நான் என்ன செய்தேன்? கையைக் கட்டிக்கொண்டு, "பத்து நாள் முன்னாடியே குடுக்கணும்னு ரூல் இருக்கு" என்றேன். நீ கெஞ்சுவாய், நான் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு. நீ கெஞ்சவில்லை. விதிப் புத்தகத்தைத் திறந்து என் மூக்குக்கு நேரே வைத்தாய். "ரூலை வளைக்கச் சொல்லலைடீ. அடுத்த வரியையும் படின்னு சொல்றேன்." திடீர் நோயென்றால் முதல்வர் அனுமதியோடு தேர்வு தொடங்கும்வரை கொடுக்கலாம் என்று அச்சில் இருந்தது. தேர்வுப் பிரிவில் காலம் தள்ளிய நான் அந்த வரியைப் படித்ததே இல்லை. முதல்வர் கையெழுத்தையும் நீ முன்னமே வாங்கி வந்திருந்தாய். முணுமுணுத்துக்கொண்டே முத்திரை குத்தினேன்.

அடுத்த தேர்வுக்கு முன்னால் ஐந்து நாள் விடுமுறை விழுந்தது. கௌசல்யா தேறிவந்து மீதி நாலு தாளையும் எழுதினாள், நாலிலும் பாஸ். எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று நினைத்திருந்தோம். முடிவு வந்த இரண்டாவது வாரம் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. ஒரு தாளில் தேர்ச்சி இல்லை, கௌசல்யாவுக்கு உதவி நிறுத்தம்.

அவள் அப்பா அலுவலகத்துக்கு வந்து நின்று கத்தியது என் கண் முன்னாலேயே நிற்கிறது. "அன்னிக்கே சொன்னேனே, கேட்டியா? எழுதியிருந்தா பாஸாவது ஆயிருக்கும். இப்ப பேஜார்ல வுட்டுட்டியேம்மா! லாரி ஓட்றவன் புள்ளதானேன்னு நெனைச்சிட்டியா?" அலுவலகமே வேடிக்கை பார்த்தது. நீ "ரெண்டு நாள் டைம் குடுங்கண்ணா" என்று மட்டும் சொன்னாய். அவர் போன பிறகு என்னிடம் திரும்பி, "அன்னிக்கு முத்திரை குத்தினியே, அந்தப் பேப்பர் எங்கே?" என்று கேட்டாய்.

என் இழுப்பறையைத் திறந்தேன். அங்கேயே இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நான் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை. தேர்வறையிலிருந்து வந்த தாளில் கையெழுத்து இல்லாத இடங்களிலெல்லாம் 'வரவில்லை' என்று போட்டுக்கொண்டே போன கை, அவள் பெயருக்கு நேரேயும் 'வரவில்லை' என்று போட்டுவிட்டது. விலகல் என்று போட வேண்டியது. என் கையாலேயே முத்திரை குத்திய காகிதம், என் கையாலேயே நடந்த தப்பு, திட்டு வாங்கியது நீ. அந்தப் பெண்ணின் படிப்பே போயிருக்குமே, ஐயோ!

நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். "லெட்டர் எழுது. டைப் அடிக்காதே, உன் கையாலயே எழுது" என்றாய். மறுநாள் மத்தியானம் அறக்கட்டளைக் குழு கூடுகிறது என்று விசாரித்து வைத்திருந்தாய். காலையில் முதல்வர் கையெழுத்து, பதினொன்றரைக்கு மின்சார ரயில், பல்லாவரத்தில் இறங்கி அறக்கட்டளை அலுவலகம் வரைக்கும் வேகாத வெயிலில் நடை. என்னையும் இழுத்துக்கொண்டுதான் போனாய்.

அறக்கட்டளைச் செயலாளர் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "யாருங்க இந்தத் தப்பைப் பண்ணது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"எங்க ஆபீஸ்ல நடந்த தப்பு சார்."

"அதான், ஆபீஸ்ல யாரு?"

"ஆபீஸ்னா ஆபீஸ்தான் சார். பேரைச் சொன்னா ரெண்டு பொண்ணுக்கா பீஸ் கட்டப்போறீங்க?"

அந்த மனுஷர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கௌசல்யாவின் பெயரை மறுபடி பட்டியலில் சேர்த்தார். உன் வாய்க்கு நான் எத்தனையோ தடவை திருஷ்டி கழித்திருக்கிறேன். அன்று அந்த வாயைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

திரும்பும்போது ரயில் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். நான் அழுதேன். நீ பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னாய். "எனக்குக் கோபம் இல்லைன்னு மட்டும் நெனைச்சுக்காதே. ஒரு வாரம் உன்கூட பேச மாட்டேன்." சொன்னபடியே ஒரு வாரம் பேசவில்லை. மேசைகள் ஒட்டிக் கிடக்கின்றன, உன் மூச்சு எனக்குக் கேட்கிறது, பேச்சில்லை. எட்டாம் நாள் காலையில் ஸ்டேப்ளர் பின் கேட்டாய். ஒரு பெட்டியையே தூக்கிக் கொடுத்தேன்.

போன வருஷம் ஐப்பசி மழையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீர்க்கன்கரணையில் உன் வீட்டிலேயே நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து உன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. ஊரார் பிள்ளைக்கெல்லாம் முன்கூட்டியே போன் போட்டவளுக்குத் தன் நெஞ்சுவலியை ஒரு டாக்டரிடம் சொல்லத் தெரியவில்லையே என்று உன் அக்காவைக் கட்டிக்கொண்டு கதறினேன்.

உன் பிரிவுக்குப் புது ஆள் போடவில்லை. என்னிடமே சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். வேறு யாராவது வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

போன வாரம் கௌசல்யா வந்தாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, சான்றிதழ் நகல் வாங்க வந்திருந்தாள். நீ போனது அவளுக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுது ஓய்ந்தபிறகு சொன்னாள்.

"உங்களைப் பத்திதான் மேடம் அவங்க எப்பவும் சொல்வாங்க. அந்தத் தப்பை நீங்கதான் கண்டுபிடிச்சு, உங்க கையாலயே லெட்டர் எழுதி, பல்லாவரம் வரைக்கும் அலைஞ்சீங்கன்னு. எது ஒண்ணுன்னாலும் பயப்படாம நேரா அந்த மேடம்கிட்ட போன்னு சொன்னாங்க."

அடிப்பாவி! இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? அதற்குப் பிறகு மூன்று பருவமும், என் ஜன்னலைக் கண்டாலே மற்ற பிள்ளைகள் ஒதுங்கிப் போகும்போது, இந்தப் பெண் மட்டும் சிரித்துக்கொண்டு வந்து நிற்பாள். இதற்கு என்ன நெஞ்சழுத்தம் என்றுகூட நினைத்திருக்கிறேன். இப்போதுதான் புரிகிறது. தேர்வுப் பிரிவுக்குப் பயப்படுகிற பிள்ளை டாக்டர் சீட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு தேர்வறைக்குள் போய்விடும். அப்படி ஆகக் கூடாதென்று உனக்கு வர வேண்டிய பெயரைத் தூக்கி எனக்குக் கொடுத்திருக்கிறாய்.

எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கண்டுபிடிச்சது அவதாம்மா. தப்பு பண்ணது நான். உங்கப்பா அன்னிக்கு அவளைத் திட்டினாரே, அதெல்லாம் எனக்கு வரவேண்டியது" என்றேன்.

அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை.

"இப்ப ஸ்காலர்ஷிப் சீட்ல யாரு மேடம்?"

"நான்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "என் தங்கச்சி இந்த வருஷம் இங்கதான் சேர்ந்திருக்கா. எங்கப்பா நம்பர் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

எழுதிக்கொண்டேன்.