மூஞ்சூறுக்கு ஒரு பெட்டி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். சிப்காட் புகை அசையாமல் நிற்கிறது.

ஞாயிறு மாலை கிளை நூலகத்தில் பேச வேண்டும். தலைப்பு: எகிப்தியர் விலங்குகளுக்குச் செய்த மரச் சவப்பெட்டிகள். நூலகர் செல்வி கேட்டதும் ஏன் தலையாட்டினேன்? கல்லூரி நூலகத்தில் அட்டவணை எழுதியே காலம் போக்கியவன். போன முறை பின்வரிசைக்குக் கேட்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இம்முறையும் அப்படியானால் இதோடு நிறுத்தம்.

கையில் ஒரு பொருள் இருந்தால் தைரியம் வரலாம். கவரைப்பேட்டையில் சவப்பெட்டி செய்யும் அந்தோணிக்குப் போன். மூஞ்சூறுக்குப் பெட்டி, ஒரு சாண் நீளம், மூடிமேல் உருவம். எகிப்தில் அப்படித்தான்: பதப்படுத்திய உடல் உள்ளே, அதன் மர உருவம் மேலே.

ஜூலை 11, வெள்ளி

தூறல். ஷேர் ஆட்டோ. பெட்டி வெகு நேர்த்தி. மூடிமேல் பித்தளைச் சிலுவை, அதில் ஏசு.

"நீங்கதான சார் சுரூபம் வைக்கச் சொன்னீங்க? மூஞ்சூறுக்கு எதுக்கு சுரூபம்னு ஊட்ல கூட கேட்டாங்க. படிச்சவரு, காரணம் இருக்கும்னுட்டேன்."

நான் சொன்னது உருவம். அவர் காதில் விழுந்தது சுரூபம்; சர்ச் பேச்சில் சிலுவை ஏசு. போனிலேயே எட்டாத குரல், கூடத்தில் எப்படி எட்டும்? நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாங்கி வந்துவிட்டேன். கோழை.

ஜூலை 12, சனி

வாங்க வேண்டியது: தொண்டைக்கு அதிமதுரம், பேனா, பால்.

திருப்புளியால் சிலுவையைக் கழற்றப் பார்த்தேன். கை கூசியது. விட்டேன். துண்டு போட்டு மூடலாம். எனக்குக் காய்ச்சல் என்று செல்விக்குச் செய்தி எழுதி, அழித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

முடிந்தது.

ஆரம்பம் மோசம். பின்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். அப்போது மின்விசிறிக் காற்றில் துண்டு பறந்தது.

முன்வரிசையில், நூலகத்துக்கு வாடிக்கையாக வரும் ஆரணி அம்மாள்: "இன்னா சார், இந்த மூஞ்சூறு கிறிஸ்டியனா?"

பக்கத்தில் இருந்தவர்: "அப்போ பிள்ளையாரு இனிமே நடந்துதான் போவணுமா?"

ஒரே சிரிப்பு. அந்தோணியும் வந்திருந்தார். தலை குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்தேன். உருவம் சுரூபமான கதையைச் சொன்னேன், உரக்க. தப்பு என் குரலுடையது, அவர் கையுடையது அல்ல. எகிப்தியத் தச்சரும் மூடிமேல் வைத்தது தாம் புனிதம் என்று நம்பியதைத்தான். எழுந்தவர் உட்கார்ந்தார். கடைசிவரை யாரும் போகவில்லை. பேசியது நான்தானா?

அடுத்த மாதம் முதலை மம்மி பற்றிப் பேச வேண்டுமாம், செல்வி சொன்னார். சரி என்றேன். வாசலில் அந்தோணி காத்திருந்தார்.

"முதலைக்கு எத்தினி அடி சார்? மேல இன்னா வைக்கணும்? சத்தமா சொல்லுங்க."

சொன்னேன். தெருவே திரும்பிப் பார்த்தது.