டபுள் பேஸுக்குள் இருந்த குச்சி

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் நலம்தானே? என் முழங்கால் வலி பரவாயில்லை.

உன் அப்பாவின் டபுள் பேஸை, அந்த ஆளுயர வயலினை, நான் விற்றுவிட்டதாக உன் அத்தை சொல்லி வருகிறாளாம். அது பொய். பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன்.

நான் இசை கற்பிக்கும் பள்ளிக்குப் பிள்ளைகளிடம் காட்ட எடுத்துப் போனபோது அது கீழே விழுந்து, மேல்பலகையை உள்ளிருந்து தாங்கும் குச்சி கழன்றுவிட்டது. பள்ளித் தச்சர், "உள்ள ஏதோ குச்சி உருண்டுச்சு டீச்சர், குப்பைன்னு எடுத்துப் போட்டுட்டேன்" என்றார். அதற்கு என் நன்றியை வேறு எதிர்பார்த்து நின்றார்.

வாத்தியம் பழுது பார்க்கும் கடைக்காரர்கள் தொட்டுக்கூடப் பார்க்காமல் நாளைக்கே சரிசெய்து தருவதாகச் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் முதலில் தந்திகளைத் தளர்த்திவிட்டு, பிறகு என்னை அதட்டினாள். "குச்சி இல்லாம இப்படி முறுக்கி வச்சா பலகை உள்ள போயிடாதா பாட்டி?" பாட்டியாம். ஆனாலும் அவளிடமே விட்டு வந்தேன்.

புதுக் குச்சியை நிறுத்தும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுமாம். "உங்க வீட்டுக்காரர் வாசிச்சப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். இத்தனை காலம் கேட்டும் எனக்குச் சொல்ல வரவில்லை. இப்போது வீட்டில் அது நின்ற மூலை வெறிச்சென்றிருக்கிறது.

அப்பா வாசிக்கும்போது நீ அதன் முதுகில் காதை வைத்துக்கொண்டு நிற்பாய். அந்த ஒலி எப்படி இருந்தது? அவளிடம் படித்துக் காட்ட வேண்டும். போனில் சொல்லாமல் எழுதி அனுப்பு.

அம்மா