பச்சைக் கோட்டு

ஆல்ட்டோர்ஃப், மே 14

வெரெனா,

நலமா என்று கேட்க மனமில்லை, கேட்டுவிட்டேன். நான் நலமில்லை.

பிரிக் நிலையத்தில் வண்டி மாற ஏழு நிமிடம் இருந்தது. அதற்குள் நான் ஒரு முட்டையை வேகவைத்து உரித்தும் வைத்திருப்பேன். “நீ போ அக்கா, பின்னாடியே வர்றேன்” என்றாய். ஏறி உட்கார்ந்து திரும்பினால் ஆளைக் காணோம். கதவு மூடிக்கொண்டது.

இத்தாலிய மொழி பேசத் தெரிந்தவள் நீ. நான் லோகார்னோ உணவகத்தில் தனியாக உட்கார்ந்து, உணவு அட்டையில் எதையோ தொட்டுக் காட்ட, மாட்டுக்குடல் சூப் வந்து நின்றது. கேட்டு வாங்கியதாயிற்றே என்று முழுவதும் குடித்தேன். நீ சாயங்காலம் வந்து, “கோம்ஸ் பள்ளத்தாக்குப் பக்கம் போயிருந்தேன், என்ன அழகு தெரியுமா” என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செப்டம்பரில் எங்காடினில் இரண்டு அறை சொல்லி வைத்திருக்கிறேன். சொன்ன நேரத்துக்கு வருவாயானால் எழுது. இல்லையென்றால் பதினோரு வருடமாகச் சேர்ந்து போகும் பயணம் இத்தோடு போதும்.

ஒட்டிலியா

*

லோசான், மே 19

அன்புள்ள அக்கா,

நான் என்ன உன் பெட்டியா, இழுத்த இழுப்புக்கெல்லாம் உருண்டு வர? தோன்றியது, வேறு வண்டியில் ஏறினேன். நிமிடக் கணக்கில் ஊர் பார்த்து அலுத்துவிட்டது. அறையை ரத்து செய்துவிடு.

குடல் சூப்புக்கு வருந்துகிறேன்.

வெரெனா

*

ஆல்ட்டோர்ஃப், மே 23

வெரெனா,

எத்தனை திமிர் உனக்கு. நாலு வரிக் கடிதத்துக்கு மூன்று தாளா? கடைக்காரர்கள் விலை எழுதும் கறுப்புப் பேனாவால் இவ்வளவு பெரிதாக யாருக்கு எழுதுகிறாய்? எங்கள் தபால்காரர் வாசலில் நின்றே படித்துவிடுவார். தினமும் போனில் குறுஞ்செய்தி அனுப்புகிறவள் குளிர்காலத்திலிருந்து அதையும் நிறுத்திவிட்டாய்.

ரத்து செய்யப் போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். என்மேல் கோபமென்றால் கோபமென்று எழுது. கோம்ஸ் கதை எனக்கு வேண்டாம்.

ஒட்டிலியா

*

லோசான், மே 28

அக்கா,

கோபமெல்லாம் இல்லை. கண் போய்க்கொண்டிருக்கிறது. ஓரங்களில் தெரிகிறது, நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு சாம்பல் திட்டு. இன்னும் மோசமாகும், கண்ணாடி போட்டாலும் பயனில்லை என்கிறார் மருத்துவர்.

பிரிக்கில் பலகையைப் படிக்க முடியவில்லை. உன் பச்சைக் கோட்டைத்தான் அடையாளமாக வைத்துப் பின்னால் நடந்தேன். சுரங்கப்பாதையில் கூட்டம். மறுபடி பச்சை தெரிந்ததும் அதன் பின்னாலேயே ஓடி ஏறி, எதிரில் உட்கார்ந்து, “ரொட்டியை எடு அக்கா, பசிக்குது” என்றேன். அந்த அம்மாள் வேறு யாரோ. பாவம், தன் ஆப்பிளில் பாதி நறுக்கிக் கொடுத்தாள். அதைத் தின்றுகொண்டே அழுதேன். கோம்ஸில் நான் எதையும் பார்க்கவில்லை.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உன் கால அட்டவணையில் எனக்கு இடமில்லை என்று நினைத்தேன். நீ தனியாகப் போய் வா.

வெரெனா

*

ஆல்ட்டோர்ஃப், ஜூன் 2

என் வெரெனா,

இது தெரியாமல் உன்னைத் திட்டினேனே என்று இரண்டு நாள் என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு மறுபடி உன்மேல் கோபம் வந்தது. யாரோ ஒருத்தியிடம் அழுவாய், என்னிடம் சொல்ல மாட்டாயா?

அட்டவணையை மாற்றிவிட்டேன். எந்த நிலையத்திலும் முப்பத்தைந்து நிமிடத்துக்குக் குறைந்து மாறுவதில்லை. வண்டி போனால் போகட்டும். (இதை எழுத எனக்குக் கை வரவில்லை என்பது உனக்குத் தெரியும்.)

பச்சைக் கோட்டு இன்னும் பத்து வருடம் உழைத்திருக்கும். தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டேன். வேலைத்துணி விற்கிற கடைக்குப் போய், தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்கள் போடும் ஆரஞ்சுக் கோட்டு ஒன்று வாங்கினேன். “யாருக்கும்மா, பையனுக்கா?” என்றான் கடைக்காரன். எனக்குத்தான் என்றேன். போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. பார்க்கத்தான் வாங்கியது.

செப்டம்பர் ஒன்பது, காலை பத்து மணி, லூசெர்ன் நிலையம், நான்காம் நடைமேடை. தேடாதே, நில். நான் வருகிறேன்.

அக்கா