வலி நின்றுபோன கால்

அன்புக் குட்டிக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் முழுசாகவும் உன் அம்மா முக்கால்வாசியும் நலம். அந்த முக்கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் சொல்ல விடமாட்டேன் என்கிறாள், நான் வாயைத் திறந்தாலே பக்கத்தில் வந்து உட்கார்ந்து தொடையைக் கிள்ளுகிறாள். போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல், பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று சொன்னோமே, அது காய்ச்சல் இல்லை. வலது காலில் கடைசி இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். பதறாதே, உட்கார்ந்து படி. புண் ஆறிவிட்டது, நடக்கிறாள், என்னைத் திட்டுகிறாள், அதில் ஒரு குறையும் இல்லை.

பட்டறையின் சிமெண்ட் தரையில் அவள் எப்படி நிற்பாள் என்று நீ பார்த்து வளர்ந்தவள். கடைசல் மெஷின் முன்னால் காலையில் போய் நின்றால் சாயங்காலம்தான் நகர்வாள். ஊருக்கெல்லாம் நாற்காலிக் கால் கடைஞ்சு குடுக்கறேன், என் காலுக்கு ஒரு வழி இல்லையே என்று புலம்புவாள். நானும் என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். சாக்கு வழுக்கியது, பழைய மெத்தை மரத்தூளைக் குடித்துக் கட்டியாகிவிட்டது, பலகை அடித்துப் போட்டேன், அதன் இடுக்கில் சீவல் அடைந்து கரப்பான்பூச்சி குடித்தனம் வந்ததுதான் மிச்சம். சாயங்காலமானால் கட்டிலில் சாய்ந்துகொண்டு காலைத் தூக்கி என் மடியில் போடுவாள், நான் பிடித்துவிட வேண்டும். மெதுவா புடிங்க, அது காலு, நீங்க உப்புத்தாள் தேய்க்கிற கட்டை இல்ல என்பாள். நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாகப் பேசிக்கொள்வது அப்போதுதான்.

அப்புறம்தான் நீ அந்த ரப்பர் விரிப்பை அனுப்பினாய். இரண்டு விரல் கனம், தடுக்காமல் இருக்க ஓரமெல்லாம் சரிவு, ஏறி நின்றால் மெத்து மெத்தென்று இருந்தது. இவ்வளவு மெத்துன்னு இருக்கறப்போ செருப்பு எதுக்கு, கழட்டிட்டு நில்லு என்று சொன்னது யார் தெரியுமா, உன் அப்பன்தான். வெறுங்காலோடு நின்றாள். நாலைந்து மாதத்தில் கால்வலி போன இடம் தெரியவில்லை. சாயங்காலம் நான் மடியைக் காட்டினாலும் வேணாங்க, வலியே இல்ல என்று எழுந்து போய்விடுவாள். என் மகள் அனுப்பியதாக்கும் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன், எதிர்வீட்டுத் தையல்காரர்கூட அதில் ஏறி நின்று குதித்துப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று வாங்கினார். உனக்கும் புகழ்ந்து புகழ்ந்து எழுதினேனே, நினைவிருக்கிறதா.

போன மாதம் ஒரு நாள் மாடிப்படித் தூண்களுக்குச் சிவப்புப் பாலிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். டீ எடுத்துக்கொண்டு போனால் அவள் காலடியில் கிடந்த சீவலில் சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக இருந்தது. ஐயையோ, பாலிஷைக் கொட்டி மகள் வாங்கித் தந்ததைப் பாழாக்கிவிட்டோம், பார்த்தால் கத்துவாளே என்று திருடன் மாதிரி துணியை எடுத்துத் துடைக்கக் குனிந்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. பாலிஷுக்கு ஒரு வாசனை உண்டே, அது இல்லை. அவள் காலைத் தூக்கச் சொன்னேன். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு ஸ்க்ரூ தலை வரைக்கும் ஏறியிருந்தது. காலையிலிருந்து அதன்மேல் நின்றிருக்கிறாள், குட்டி. அப்படியா, எங்க, எனக்கொண்ணும் தெரியலையே என்று குனிந்து பார்க்கிறாள்.

புண்ணைக் கழுவி மருந்து போட்டும் அது பழுத்துவிட்டது. சர்க்கரை இருக்கிற உடம்பாயிற்றே. பெரிய டாக்டர் ஒரு நைலான் இழையை எடுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கோங்கம்மா, தொடும்போது சொல்லுங்க என்றார். அவர் தொட்டபோது பேசாமல் இருந்தாள். தொடாதபோது தெரியுது, தெரியுது என்றாள். பரீட்சையில் பாஸாகிவிட வேண்டும் என்று அவளுக்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, டாக்டர் சிரிக்கவில்லை. வலி போகலைங்க, உணர்ச்சிதான் போயிருச்சு, ஒரு வருஷமாவே போய்க்கிட்டிருந்திருக்கும் என்றார். வலி நின்றதும் விரிப்புக்கு மாலை போடாத குறையாகக் கொண்டாடிய நான், ஏன் நின்றது என்று ஒரு நாள் யோசித்தேனா. நாற்பது வருஷம் அந்தக் காலைப் பிடித்துவிட்டவன், ஒரு வருஷம் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இதில் உன் தப்பு நகக்கண் அளவும் கிடையாது. நீ அனுப்பியது நல்ல சாமான், சர்க்கரை எங்கே நின்றாலும் தன் வேலையைச் செய்திருக்கும். செருப்பைக் கழற்றச் சொன்னது நான், அது என்னோடு இருக்கட்டும். அந்த விரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன், அவள் விடவில்லை. புள்ள ஆசையா அனுப்புனது, விரிங்க என்று அதட்டினாள். இனிமேல் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் உயரமாக ஒரு முக்காலி செய்து கொடுத்தேன். உக்காந்துகிட்டு கடைஞ்சா உளி என் பேச்சைக் கேக்காது என்று அதில் உட்கார்ந்து வெறும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு வாரமாக ஒரு கட்டைகூட மாட்டவில்லை. தினமும் காலையில் நான் விரிப்பை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறேன், மூடின ஷூவைத் தட்டி உதறிய பிறகுதான் மாட்டிவிடுகிறேன்.

தினம் சாயங்காலம் பாதத்தை விளக்கில் பார்க்க வேண்டுமாம். நேற்று மறுபடியும் என் மடியில் காலைப் போட்டாள். பார்த்துக்கொண்டே கொஞ்சம் பிடித்தும் விட்டேன், சொல்லவே வேண்டாம், என் கண் மறைத்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். மெதுவா புடிங்க, வலிக்குது என்றாள். என் இரண்டு கையும் கண்ணாடியில் இருந்தது, குட்டி. சரிம்மா, மெதுவாவே புடிக்கறேன் என்று சொல்லிவிட்டு இருமிச் சமாளித்தேன்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். நீயும் கடையில் நாள் முழுக்க நிற்கிறவள், ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்த்துவிட்டு எனக்கு எழுது. நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, கால் எப்படிம்மா இருக்கு என்று மட்டும் கேள். வலிக்குது என்பாள். அப்பாவை மெதுவா புடிக்கச் சொல்லும்மா என்று சொல்லிவிடு, மறந்துவிடாதே.

என்றும் உன்
அப்பா