இரண்டு மெகாபைட் வரம்பு

நவ. 11, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். வருங்காலத் தலைமுறைக்காக இன்றைய முடிவைப் பதிந்து வைக்கிறேன்: படம் சுருக்கும் நிரலுக்கு இனி இரண்டு மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் கிடையாது. கட்டளையோடு வரம்பையும் சேர்த்து அடித்தேன். எங்கள் டி.டி.பி. கடைக் கணினியில் இருப்பதே எட்டு. மிச்சத்தில் கல்யாணப் பத்திரிகை ஓட வேண்டும்.

படம்: தாராபுரம் வேலுச்சாமியின் அப்பா. வயது எழுபத்தாறு. ஞாயிறன்று உக்கடம் பஸ் ஸ்டாண்டில், மகன் டீ வாங்கப் போன நேரத்தில் காணாமல் போனார். மறதி நோய்; ஊர் பெயர் சொல்லத் தெரியாது. சர்க்கரை மாத்திரை மகன் பையில். 'காணவில்லை' போஸ்டர், அவசரம்.

சின்னப் படமாகப் போட்டால் மத்தியானமே அச்சுக்குப் போகலாம் என்றேன்.

"ஏனுங்க, பஞ்சாயத்துத் தலைவரா இருந்தவருங்க. ஸ்டாம்ப் சைசுல போட்டா சம்பந்தி ஊட்ல என்ன நெனப்பாங்க?" என்றார் வேலுச்சாமி.

முக்கால் போஸ்டருக்கு முகம். கீழே மகன்கள், மருமகன்கள், பட்டங்களுடன். ஸ்கேன் செய்ததில் இருபது மெகாபைட். ஒன்றரை மெகாபைட்கூடக் கொள்ளாத ஒரே ஃபிளாப்பியில் அச்சகம் போயாக வேண்டும்.

நவ. 12, புதன்
மழை. நிரல் வரம்பை மதிக்கிறது. நினைவகத்தில் கொள்ளாததை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி, திரும்பப் படித்து, மறுபடி எழுதி. பதினொரு மணிக்கு டிஸ்க் நிறைந்து நின்றது. பழைய கோப்புகளை அழித்து, முதலிலிருந்து.

பத்திரிகை தடங்கலின்றி முடிந்தது. மூன்று பிழை.

வேலுச்சாமி நாற்காலியை விட்டு எழவில்லை. "ஆச்சுங்களா?" ஆறு முறை.

"படத்தச் சின்னதாக்கிரட்டுங்களா?"

"வேண்டாமுங்க. இத்தன நேரம் இருந்துபோட்டோம்."

வரம்பைத் தளர்த்தியிருக்கலாம். அடுத்த பத்திரிகை காத்திருந்தது.

நவ. 13, வியாழன்
வெயில். காலையில் படம் தயார், ஃபிளாப்பியில் அடங்கியது. மாலை ஐந்நூறு போஸ்டர். மூக்கில் மருகூடத் தெளிவு.

"அப்பாவே எதுக்க நிக்கறாப்புல இருக்குதுங்க." ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உக்கடம் போனார்.

நவ. 14, வெள்ளி
மூட்டம். மின்கட்டணம் கட்டவில்லை.

போஸ்டர் அடியில் எங்கள் கடை விலாசம் பார்த்து உக்கடத்துக் கருவாட்டுக் கடை பாய் வந்தார். "இவரு நேத்து முந்தாநேத்தெல்லாம்... இல்லீங்க, புதன் சாயங்காலம் வரைக்கும் எங்க கடை வாசல்லதானுங்க உக்காந்திருந்தாரு. பன்னு குடுத்தேன். யாருன்னு தெரிஞ்சா ஊடு சேத்தியிருப்பேனுங்க. நேத்துக் காலைல ஆளக் காணோம்."

பகலில் வேலுச்சாமி, பெரிய ஆஸ்பத்திரி பிணவறையிலிருந்து நேராக. அதே படம், அதே அளவு போதுமென்றார். தலைப்பை 'கண்ணீர் அஞ்சலி' என்று மாற்றினேன். பெயர்ப் பட்டியலில் மாற்றமில்லை.