கில்லம் க்ரீக்கின் கீழ்முனை

ஜூன் 3, சனி

காலை ஆறு மணிக்குக் கொட்டகையைத் திறந்து விமானத்தை வெளியே இழுத்தேன். இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டேன். காற்றே இல்லை, மலையெல்லாம் துடைத்து வைத்தது போல் இருந்தது. எண்ணெய் சூடானதும் அணைத்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளினேன்.

வீட்டுக்கு வந்து கணினியில், விமானிகள் குழுவில் எழுதினேன்: "விடியற்காலையில் கில்லம் க்ரீக். அமைதியான காற்று. புல் கணுக்கால் உயரம். நான் இறங்கும்போது ஓடுதளத்தின் கீழ்முனையில் எல்க் மான்கள் எட்டு, ஒரு குட்டியோடு. ஆற்றங்கரையில் காபி போட்டுக் குடித்துவிட்டுத் திரும்பினேன்."

அத்தனையும் உண்மை. 2017 ஜூனில்.

இருபத்திரண்டு பதில்கள். "கொடுத்து வைத்தவர்" என்று ஒருவர். மதியம் டின் சூப்.

ஜூன் 4, ஞாயிறு

யாரும் கூப்பிடவில்லை.

ஜூன் 7, புதன்

எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இந்த நோட்டிலாவது ஒழுங்காக இருக்கட்டும்.

போன வருடம் ஏப்ரலில் கடையில், உறைந்த பட்டாணிப் பையை எடுக்கக் கை நீட்டியது வரை நினைவிருக்கிறது. அப்புறம் தரையும் இரண்டு முகங்களும். எல்லாச் சோதனையும் செய்தார்கள். எதனால் மயக்கம் வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காரணம் தெரியாத மயக்கம் வந்தவனுக்கு விமானம் ஓட்டத் தகுதிச் சான்று இல்லை. கார் ஓட்டலாமாம். எழுபத்தொரு வயதில், நாற்பத்து நான்கு வருடம் பறந்த பிறகு.

அந்த வாரமே குழுவில் ஒருவர் கேட்டார்: "வெர்ல், இந்த வாரம் எங்கே போனீங்க?" ஒவ்வொரு சனிக்கிழமையும் யார் எந்த மலைக்குள் போய் இறங்கினார்கள் என்று எழுதுவதுதான் அந்தக் குழு. நான் பன்னிரண்டு வருடமாக ஒரு சனி தவறாமல் எழுதியவன். "இனி பறக்க முடியாது" என்று தட்டினேன். அழித்தேன். பழைய பறப்புக் குறிப்பேட்டைத் திறந்து, ஒரு ஏப்ரல் பயணத்தைத் தேடி எடுத்துப் போட்டேன். ஒரே ஒரு தடவை என்றுதான் நினைத்தேன்.

பதினாலு மாதம் ஆகிவிட்டது.

ஜூன் 10, சனி

இன்றும் எஞ்சினை ஓடவிட்டேன். பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் ஆர்லோ கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றான்.

"எத்தனை தடவ சொல்றது? தரையில வச்சு ஓட்டினா உள்ள ஈரம் சேரும். துருப்பிடிச்சுப் போகும். நீ அதுக்கு நல்லது பண்றதா நெனச்சுக் கொல்ற."

"சத்தம் கேட்கணும் போல இருந்துச்சு."

"அப்போ ரேடியோ வாங்கு, கிழவா. ஒண்ணு இத யாராவது பறக்க வைக்கணும், இல்ல வித்துடணும்."

நான் பறப்பதில்லை என்று தெரிந்த ஒரே ஆள் ஆர்லோ. அவனிடம் கணினி கிடையாது. நான் சனிக்கிழமைகளில் என்ன எழுதுகிறேன் என்று அவனுக்குத் தெரியாது.

ஜூன் 13, செவ்வாய்

ஒரு பெண் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். மைத்தே எட்சார்ட், கூடிங் ஊரில் மாட்டு டாக்டர். உரிமம் வாங்கி மூன்று வருடமாம். அன்று முதல் என் குறிப்புகளைப் படிக்கிறாளாம்.

"மலை ஓடுதளங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி உங்களிடமிருந்து கற்றது. வரும் சனிக்கிழமை முதல்முறையாகத் தனியாகக் கில்லம் க்ரீக் போக ஆசை. நீங்கள் பத்து நாள் முன்புதான் இறங்கியிருக்கிறீர்கள். கீழ்முனை ஈரமாக இருந்ததா? எங்கே சக்கரம் வைப்பது நல்லது?"

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பதில் எழுதினேன். பள்ளத்தாக்குக்குள் எந்த உயரத்தில் நுழைவது, வெள்ளைப் பாறையைத் தாண்டிவிட்டால் திரும்பி மேலேற வழியில்லை என்பது, ஓடுதளம் ஆற்றங்கரையில் தொடங்கி மலையைப் பார்த்து ஏறுவதால் கண் எப்படி ஏமாற்றும் என்பது, எல்லாம். அப்புறம் இதையும் எழுதினேன்: "கீழ்முனை கெட்டியாக இருக்கிறது. அங்கேயே சக்கரத்தை வை. மொத்தமே ஆயிரத்து நானூறு அடி. ஒரு அடியையும் வீணாக்காதே."

இரண்டு பக்கம் வந்தது. அனுப்பிவிட்டு உருளைக்கிழங்கு சீவி வறுத்தேன், முட்டை ஊற்றினேன். தட்டு போட்டு, மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எத்தனை நாளாயிற்று என்னிடம் யாராவது எதையாவது கேட்டு.

ஜூன் 15, வியாழன்

பாலத்தில் நின்று பார்த்தேன். சால்மன் ஆறு பழுப்பாக, கரை முட்ட ஓடுகிறது. மேலே பனி இன்னும் நிறைய இருக்கிறது.

அந்தப் பக்கத்து ஆறுகளும் இப்படித்தான் இருக்குமோ? கில்லம் க்ரீக் கரை எப்போதுமே உறுதியானது. நான் அங்கே இறங்கின அத்தனை தடவையும் உறுதியாகத்தான் இருந்தது.

அவளுக்கு ஒரு வரி எழுதலாம். என்னவென்று எழுதுவது?

ஜூன் 17, சனி

நல்ல காற்று, நல்ல வெளிச்சம். அவள் இந்நேரம் இறங்கியிருப்பாள். குழுவைப் பத்துத் தடவை பார்த்துவிட்டேன். அவள் எழுதவில்லை. பதினாலு மாதத்தில் முதல்முறையாக நானும் எழுதவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

ஆர்லோ போன் செய்தான்.

"கில்லம் க்ரீக்ல நேத்து ஒரு விமானம் குப்புறக் கவுந்துடுச்சாம், தெரியுமா?"

"யாரு?"

"யாரோ ஒரு பொம்பள. மாட்டு டாக்டராம். மணிக்கட்டும் தோள்பட்டை எலும்பும் போச்சாம். உதவி கேக்கற கருவிய அமுக்கியிருக்கா, ஹெலிகாப்டர் வர ரெண்டரை மணி நேரம். தலைகீழா வார்ல தொங்கி, தானே அவுத்துக்கிட்டு வெளிய வந்திருக்கா. கெட்டிக்காரி."

"எப்படிக் கவுந்துச்சு?"

"ஆறு கீழ்முனைய அடியில அரிச்சுட்டுப் போயிருக்கு. மேல புல்லு அப்படியே நிக்குது, கீழ மண்ணே இல்ல. வானத்துலேர்ந்து பார்த்தா யாருக்குத் தெரியும்? சக்கரம் பட்டதும் பொளந்துடுச்சு. நூறு அடி தள்ளி இறங்கியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. … வெர்ல்? இருக்கியா?"

இருக்கிறேன் என்றேன்.

ஒரு அடியையும் வீணாக்காதே. நான்தான் எழுதினேன். நான்தானே எழுதினேன்.

ஜூன் 19, திங்கள்

குழு முழுக்க இதே பேச்சு. "வெர்ல் ரெண்டு வாரம் முன்னாடி இறங்கினார், அப்போ நல்லா இருந்திருக்கு. அதுக்கப்புறம்தான் ஆறு ஏறியிருக்கணும்" என்று ஒருவர். வெர்ல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இன்னொருவர்.

மாலையில் அவளே எழுதினாள். ஒரு கையால் தட்டியிருக்க வேண்டும், எழுத்துப் பிழைகள். "யாரும் வெர்லைக் குறை சொல்ல வேண்டாம். அவர் பார்த்ததைச் சொன்னார். ஆறு செய்ததற்கு அவர் என்ன செய்வார்? அவருடைய குறிப்பு இல்லாவிட்டால் அந்தப் பள்ளத்தாக்குக்குள் நான் ஒழுங்காக நுழைந்திருக்கவே மாட்டேன்."

யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எப்போதும் தெரியாது.

ஜூன் 20, செவ்வாய்

ஆர்லோவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். பதினாலு மாதத்தையும்.

அவன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

"அறுபது சனிக்கிழமையா?"

"ஆமா."

"பக்கத்துக் கொட்டகையிலதானடா நான் இருக்கேன். எங்கிட்ட வந்து உட்கார்ந்திருக்கலாமே."

அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினான். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான்: "அந்தப் பொண்ணு வீடு எங்க?"

ஜூன் 22, வியாழன்

மூன்று மணி நேரம் காரோட்டிக் கூடிங் போனேன்.

மைத்தேவுக்கு நாற்பது வயதிருக்கும். வலது கை மாவுக்கட்டில், கண்ணுக்குக் கீழே மஞ்சளும் ஊதாவுமாக வீக்கம். கதவைத் திறந்ததும், குழுவில் பார்த்த படத்தை வைத்து என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். இதை எழுதும்போது அந்தச் சிரிப்புதான் கண்முன் நிற்கிறது.

"நீங்களே வந்துட்டீங்களா? இவ்ளோ தூரம்? உட்காருங்க. ஒரு கையால காபி போடக் கத்துக்கிட்டேன், பாருங்க."

"வேண்டாம். நின்னே சொல்லிடறேன். நான் ஜூன் மூணாம் தேதி அங்க போகல."

அவளுக்குப் புரியவில்லை. "வேற தேதியா?"

"ஆறு வருஷம் முன்னாடி. அதுதான் கடைசி. போன வருஷம் ஏப்ரல்லேர்ந்து நான் எங்கயும் பறக்கல. உரிமம் போச்சு. எழுதினதெல்லாம் பழைய குறிப்பு."

வெளியே ஒரு மாடு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"கீழ்முனை கெட்டியா இருக்குன்னு எழுதினீங்க."

"எழுதினேன்."

"தெரியாதுன்னு எழுதியிருக்கலாம். ஒரு வார்த்தை. நான் மூணு சுத்து சுத்திப் பார்த்தேன், தெரியுமா? மேல் பாதியில இறங்கலாமான்னு யோசிச்சேன். உங்க ரெண்டு பக்கத்தையும் அச்செடுத்து முழங்கால்ல கட்டி வச்சிருந்தேன். குனிஞ்சு பார்த்தேன். அப்புறம் உங்களத்தான் நம்பினேன், என் கண்ண நம்பல."

என் விமானத்தை எடுத்துக்கொள்ளும்படி சொன்னேன். வரும் வழியெல்லாம் அதைச் சொல்லத்தான் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.

"உங்க விமானம் எனக்கு வேண்டாம்."

"குழுவில…"

"நான் எழுத மாட்டேன். உங்களக் காட்டிக் கொடுக்கிற வேலைய எங்கிட்டத் தள்ளாதீங்க. நீங்களே எழுதுங்க. இப்ப கிளம்புங்க."

கிளம்பினேன். கெட்சம் ஊர் வரை ஒழுங்காக ஓட்டினேன். அப்புறம் ஓரத்தில் நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 24, சனி

எழுதினேன். ஏழு வரி. தேதி, மயக்கம், பொய், மைத்தேவுக்கு அனுப்பிய பதில். மன்னிப்பு என்ற சொல்லைப் போட்டேன், எடுத்தேன், திரும்பப் போட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஒருவர்: "போன அக்டோபர்ல நீங்க எழுதினத நம்பி என் மனைவியக் கூட்டிக்கிட்டு ஒரு மலைக்குள்ள இறங்கினேன்." அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் எழுதவில்லை.

மதியத்துக்குள் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தேன்.

ஜூன் 27, செவ்வாய்

தூங்குகிறேன், எழுகிறேன். ஆர்லோ ஒரு பானை சூப்பை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போயிருக்கிறான்.

ஜூலை 1, சனி

இன்று விமானத்தைத் தொடவில்லை. ஆர்லோவின் கொட்டகையில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தேன். அவன் எதையோ பிரித்தான், நான் திருகாணிகளைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

ஜூலை 6, வியாழன்

கில்லம் க்ரீக்கை மூடிவிட்டார்கள். கரையைச் சீர் செய்து, புதிய எல்லையைக் குறித்து, கோடை முடியும் வரை அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமாம், சம்பளமில்லாமல். விமானம் தவிர எஞ்சின் வைத்த எதற்கும் அந்தக் காட்டில் அனுமதியில்லை. கார் போகும் பாதை முடிகிற இடத்திலிருந்து பத்தொன்பது மைல் நடை. ஆள் கிடைக்கவில்லை என்று ஆர்லோதான் சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை.

வன அலுவலகத்துக்குப் போனேன். மேஜையில் இருந்த பெண்ணிடம் முதலில் மயக்கத்தைச் சொன்னேன். பிறகு நான் யார் என்றும் சொன்னேன். அவள் ஒரு படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ ரேடியோல பேசணும். பேசலன்னா ஆள் அனுப்புவோம். நடக்க முடியுமா?"

"மெதுவா."

ஜூலை 11, செவ்வாய்

விமானத்தை ஆர்லோ விற்றுக் கொடுத்தான். மொன்டானாக்காரர் ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். நன்றாகத்தான் எழும்பியது. கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும் என்று அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூலை 16, ஞாயிறு. கில்லம் க்ரீக்.

இரண்டரை நாள் நடை. சாமான்கள் கோவேறு கழுதைகள் மேல் வந்தன. அவற்றின் சொந்தக்காரர் இறக்கி வைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அவளுடைய விமானம் இன்னும் இங்கேதான் கிடக்கிறது, தலைகீழாக. ஒரு இறக்கைக்கு அடியில், அவள் முழங்காலில் கட்டியிருந்த பலகை. அதில் என் காகிதம் இல்லை.

ஜூலை 29, சனி

மண்வெட்டி, கைரம்பம், அளவு நாடா. தொங்கிக்கொண்டிருந்த புல்விளிம்பையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டேன். இனி வானத்திலிருந்து பார்த்தாலே வெட்டு தெரியும். வெள்ளை அடித்த கற்களால் புதிய எல்லை. உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டது.

காலையும் மாலையும் "இருக்கீங்களா, வெர்ல்?" என்று ரேடியோ கேட்கிறது. இருக்கிறேன் என்கிறேன். என் ஊர் சாலிஸில் இத்தனை தடவை யாரும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

கழுதைகளோடு ஒரு கடிதம். மைத்தேவிடமிருந்து. நான் எழுதியிருந்த நான்கு பக்கத்துக்குப் பதில்:

"கடிதம் வந்தது. கட்டு பிரித்தாயிற்று. பதில் எழுத இன்னும் தோன்றவில்லை."

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஓடுதளம் திறந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். யாரும் வரவில்லை. மழை.

செப்டம்பர் 2, சனி

பத்து மணிக்கு முதல் விமானம். மஞ்சள் நிறம், இரண்டு பேர் உட்காரலாம். வெள்ளைப் பாறையை ஒட்டி அழகாக நுழைந்து, கற்களைத் தாண்டி நன்றாகத் தள்ளிச் சக்கரத்தை வைத்தான். ஐம்பது வயது இருக்கும், தனியாக வந்திருந்தான். இறங்கி, கை கொடுத்து, சுற்றுமுற்றும் பார்த்தான்.

"உங்க விமானம் எங்க?"

"இல்ல. நான் நடந்து வந்தேன்."

"நீங்கதானா அந்த வெர்ல்?"

"ஆமா."

கை தானாகப் பின்னால் போயிற்று அவனுக்கு. பையில் விட்டுக்கொண்டான்.

"இப்ப எவ்வளவு நீளம்?"

"ஆயிரத்து இருநூத்துப் பத்து அடி. இன்னிக்குக் காலைல அளந்தேன்."

அவன் மேல்முனைக்கு நடந்தான். அங்கிருந்து கால் அகட்டி, ஒரே சீரான எட்டுகளாக, வாய்க்குள் எண்ணிக்கொண்டே கீழே வந்தான். என்னைக் கடக்கும்போது நிமிரவில்லை. வெள்ளைக் கற்கள் வரை போனான். வெட்டுக்கரையில் குனிந்து குதிகாலால் மண்ணை இரண்டு தடவை உதைத்துப் பார்த்தான். திரும்பி வந்தான். நான் காபிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"ஆயிரத்து இருநூத்துப் பத்துதான்," என்றான்.

காபி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஏறினான். புறப்பட்டு, ஆற்றின் மேல் திரும்பி, பள்ளத்தாக்குக்குள் போய்விட்டான். சத்தம் அடங்கும் வரை நின்றேன்.

மாலை ரேடியோவில் சொன்னேன்: ஒரு விமானம் வந்தது. போனது. ஓடுதளம் நன்றாக இருக்கிறது.

"நீங்க?" என்று வன அலுவலகப் பெண் கேட்டாள்.

இருக்கிறேன் என்றேன்.